சார் பக்கம்தான் பேசினேன்

கால் இடிக்குதா தம்பி? கொஞ்சம் பொறுத்துக்கங்க. இந்த வலது கால் மடங்காது. இப்படி நட்டமாத்தான் நீட்டிக்கிட்டு நிக்கும். அதனாலதான் எப்பவும் வழி ஓரத்து சீட்டாப் பாத்து உக்காருறது. கண்டக்டர் ரெண்டு தடவ மொறச்சிட்டுப் போயிட்டார். மொறச்சிட்டுப் போகட்டும். இன்னைக்கு நான் வாங்கின பேச்சுக்கு இவரு மொறைக்கிறதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

நீங்க பட்டுக்கோட்டையா? நான் ஒரத்தநாட்டுல எறங்கிருவேன். அங்க ஒரு உரக்கடையில பில் போடுற வேல. உக்காந்தே பாக்குற வேல, அதனால கால் ஒரு தொந்தரவு இல்ல. பேரு இளஞ்சேரன். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பதினாறு வருசத்துக்கு முன்னாடி திருச்சி தஞ்சாவூர் பக்கம் கபடி பாக்குற யார்ட்ட கேட்டாலும் தெரிஞ்சிருக்கும். பேப்பர்ல போட்டோ வந்திருக்கு. அது வேற.

இன்னைக்கு ஒருத்தர் என்னைய துரோகின்னுட்டார் தம்பி. நாலு பேருக்கு முன்னாடி, கார் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து. வேற யாரும் சொல்லிருந்தா தொடச்சிட்டு வந்துருவேன். சொன்னது தனகோபால் சார். எனக்குச் சோறு போட்டவரு. அவருக்காகப் பேசத்தான் நான் கடைக்கு லீவு சொல்லிட்டுக் காலையில பஸ் ஏறினதே.

மொதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். தூக்கம் வந்தா சொல்லிருங்க.

எங்கூர்ல பொங்கலுக்குக் கபடி நடக்கும். நான் அப்ப பன்னண்டாவது. நான் ரைடர். பாடிக்கிட்டு எதிராளி கட்டத்துக்குள்ள போயி, தொட்டுட்டு, கோட்டுக்குத் திரும்பி வரணும். ஏழு பேரு வளச்சி நிப்பான். எவனும் என்னையப் புடிச்சதில்ல அப்ப. அன்னைக்கு ஒரு புல்லட்டு வந்து நின்னுச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் எறங்கி, வேட்டியக் கட்டிக்கிட்டு நிக்கிற எங்க ஊர் ஆளுகளுக்கு நடுவுல பேண்ட்டு சட்டையோட நிக்கிறார். ஒரே ரெய்டுல மூணு பேரத் தொட்டுட்டு வந்தேன். ஆட்டம் முடிஞ்சதும் விரலச் சொடுக்கிக் கூப்பிட்டார்.

"எந்தக் காலால தரையத் தள்ளுற?"

"தெரியல சார்."

"வலது காலு. அந்தக் கால்ல ஆண்டவன் ஸ்பிரிங்கு வெச்சிருக்கான். அது உனக்கே தெரியல பாரு."

திருச்சியில ஒரு காலேஜுக்கு அவரு பி.டி. வெளையாட்டுக்கெல்லாம் அவருதான் பொறுப்பு. காலேஜ் பேரு வேணாம், இப்ப ஏற்கெனவே நாறிக்கிட்டு கெடக்கு. எங்கப்பாவ வந்து பாத்தார். அப்பா டிராக்டர் ஓட்டுறவரு. கட்சிக்காரரு, அதான் எனக்கு இந்தப் பேரு. எந்தச் சாமிக்கும் கைகூப்பாத மனுசன். சார் சொன்னார், "பையன என்ட்ட விடுங்க. படிப்பு, சோறு, ஹாஸ்டல் எல்லாம் நான் பாத்துக்கறேன். மூணாவது வருசம் முடியிறதுக்குள்ள கவர்மெண்டு வேலையோட திருப்பித் தர்றேன்." எங்கப்பா அன்னைக்குக் கைகூப்பினார் தம்பி. நான் பாத்தேன்.

அப்படித்தான் போனேன். அந்த வருசம் என்னோட சேத்து இன்னொருத்தனையும் சார் புடிச்சிட்டு வந்திருந்தார். சூசைராஜ். பூண்டி பக்கம் ஏதோ ஒரு ஊரு. அவன் புடிக்கிற ஆளு, கார்னர்ல நிப்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே ரூம். அவன் அம்மா குடுத்தனுப்புற அதிரசத்துல பாதி எனக்குத்தான். பிராக்டீஸ்ல என்னையப் புடிக்கிற ஒரே ஆளு அவன்தான். கணுக்கால்ல கைய வெச்சான்னா பூட்டுப் போட்ட மாதிரி. வெளியில எவனாலயும் முடியாது, இவன் புடிச்சிருவான். ஏன்னா கூடவே தூங்குறான், கூடவே திங்கிறான், நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனே முதுகுல குத்தினா எப்படி இருக்கும்? வர்றேன், வர்றேன்.

சார் கண்டிப்பானவரு. அடிப்பாரு. கபடில அடி வாங்காம எவன் ஆளாயிருக்கான்? ஒரு தடவ விசில் கயித்தாலயே அடிச்சி முதுகு பட்டை பட்டையா வீங்கிப் போச்சு. அன்னைக்கு சாயங்காலமே பரோட்டா வாங்கிட்டு வந்து ரூமுல குடுத்தார். எந்த வாத்தியாரு அப்படிச் செய்வாரு, சொல்லுங்க? சூசை அந்தப் பரோட்டாவத் தொடல. "பசிக்கல"ன்னான். அவனுக்கு அப்பவே மனசுல ஏதோ இருந்திருக்கு.

மொத வருசம் வெளிய உக்காந்திருந்தேன். ரெண்டாவது வருசம் என்னைய எறக்கினார். யூனிவர்சிட்டி டீமே எங்க காலேஜ் டீம்தான். ஆந்திராக்காரன், கன்னடத்துக்காரன், கேரளாக்காரன் எல்லாரையும் ஓட விட்டோம். கர்நாடகா டீம் ஒண்ணு, அஞ்சு பேரு என் மேல விழுந்து கெடக்கான். அஞ்சு பேரையும் இழுத்துக்கிட்டே போயி கோட்டுல கைய வெச்சேன். கிரவுண்டே எந்திரிச்சு நின்னுச்சு தம்பி. அன்னைக்கு சார் என் தலையில கைய வெச்சு, "பரவால்லடா"ன்னார். அவரு வாயிலேர்ந்து அந்த வார்த்தைய வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

மூணாவது வருசம். தென்மண்டலப் போட்டி, செமி ஃபைனல். தொட்டுட்டுத் திரும்புறேன், வலது கால ஊனினேன். கால் தரையிலயே நிக்கிது, ஒடம்பு மட்டும் திரும்புது. டொக்குன்னு ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டுச்சுன்னு நெனச்சேன். அந்தக் கடைசியில நின்ன சூசைக்கும் கேட்டுச்சாம்.

சார் வந்து அமுக்கிப் பாத்தார். "சுளுக்குடா"ன்னார். ஐஸ் வெச்சாங்க. முட்டி பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. மறுநாள் ஃபைனல். காலையிலயே சார் என்னைய வண்டியில ஏத்திக்கிட்டு மாத்ருபூதம்னு ஒருத்தர்ட்ட கூட்டிட்டுப் போனார். டாக்டர் இல்ல, ஒரு டாக்டர்ட்ட ரொம்ப நாளா கம்பவுண்டரா இருந்தவரு. வீட்டு முன்ரூமுலயே ஒரு பெஞ்சு போட்டு வெச்சிருப்பாரு. முட்டிக்குள்ளயே ஊசி. எம்மாடி! அந்த ஊசி போடும்போது என் கையப் புடிச்சிருந்தது யாருன்னு நெனைக்கிறீங்க? சார்தான். "கண்ண மூடிக்கடா, என்னைய நெனச்சுக்க"ன்னார். பெத்த அப்பன்கூட அப்படிப் புடிச்சிருக்க மாட்டான்.

கால் மணி நேரந்தான். முட்டி இருக்குறதே தெரியல. ஓடினேன், தாவினேன். ஃபைனல் ஜெயிச்சோம். பேப்பர்ல வந்த போட்டோ அதுதான். சார் தோள்ல நான் ஏறி உக்காந்திருப்பேன்.

அடுத்து அகில இந்தியப் போட்டி. அதுக்கு ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சு. இந்தத் தடவ நம்ம பக்கத்துலயே நடத்துறாங்க. சார் சொன்னார், "சென்னையிலேர்ந்து பெரிய கவர்மெண்டு கம்பெனி டீம்காரங்க வேலைக்கு ஆள் எடுக்க வர்றாங்க. உன் பேரச் சொல்லி வெச்சிருக்கேன். நீ செமி ஃபைனல் ஆடு, போதும். வேல உன் கையில." எங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரு ஊரு முழுக்கச் சொல்லிட்டார்.

முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேக்கல. மாடிப்படி எறங்கும்போது வழுக்குற மாதிரி ஒரு பக்கமா நழுவும். ரெண்டு நாள் பிராக்டீஸ் பண்ணினா வீங்கும், சார் மாத்ருபூதத்துட்ட கூட்டிட்டுப் போவார், வடியும். வீங்கும், போவோம், வடியும். அப்படித்தான் ஓடுச்சு.

சூசைதான் நச்சரிக்க ஆரம்பிச்சான். "டேய், பெரியாஸ்பத்திரிக்கு வா, ஒரு ஸ்கேன் எடுத்துருவோம். எங்க ஊரு அண்ணன் ஒருத்தருக்கு இப்படித்தான் ஜவ்வு கிழிஞ்சுது. ஆடக்கூடாதுடா."

நான் போயி சார்ட்ட கேட்டேன். மறைக்கல, கேட்டேன். சார் சிரிச்சார். "ஸ்கேன் எடுத்தா டாக்டர் ஆடாதன்னுதான் சொல்லுவான். அவனுக்குக் கபடி தெரியுமா?" பாருங்க, எவ்வளவு நியாயமான பேச்சு! டாக்டருக்குக் கபடி தெரியுமா?

அத சூசைட்ட வந்து சொன்னேன். அவன் கட்டில்ல உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டிருந்தான். "அவருக்குக் கபடி தெரியும்டா. உன் காலப் பத்தித்தான் அவருக்குக் கவலயில்ல"ன்னான். சட்டையப் புடிச்சிட்டேன். சாரப் பத்தி என் முன்னாடி அப்படிப் பேசினா விடுவேனா? அவன் கையத் தட்டிக்கூட விடல. அப்படியே நின்னான். ரெண்டு நாள் பேசல. அப்பறம் அவன்தான் வந்து பேசினான்.

போட்டி வந்துச்சு. கால் இறுதி வரைக்கும் ஜெயிச்சுட்டோம். ஊசியப் போட்டுக்கிட்டுத்தான். மறுநாள் செமி ஃபைனல். எங்கப்பா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, ஊர்லேர்ந்து நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்திருக்கார். சென்னைக்காரங்க மேடையில உக்காந்திருக்காங்க. நான் பனியன் மாட்டி, தொடையத் தட்டிக்கிட்டு நிக்கிறேன். அப்ப ஒரு லேடி டாக்டர் வர்றாங்க. போட்டிக்குன்னு யூனிவர்சிட்டி போட்ட டாக்டரு. நேரா என்ட்ட வந்து, "நீதான் இளஞ்சேரனா? அந்த பெஞ்சுல படு"ன்னாங்க.

படுத்தேன். கால மடக்கி வெச்சு, கெண்டைக்கால ரெண்டு கையாலயும் புடிச்சு முன்னாடி இழுத்தாங்க. கால் மேஜை டிராயர் மாதிரி முன்னாடி வந்துச்சு தம்பி. வலியே இல்ல, ஊசி போட்டிருந்தேன்ல. அவங்க மூஞ்சி மாறிப்போச்சு.

"இந்த முட்டியில என்ன ஊசி போட்ருக்க? யாரு போட்டா?"

"ஊசியெல்லாம் இல்ல மேடம்."

"உன் ஃபிரெண்டு எல்லாத்தையும் சொல்லிட்டாம்ப்பா."

திரும்பிப் பாக்குறேன். சூசை ஓரத்துல ஒரு கம்பத்துக்குப் பக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான்.

சார் வந்தார், சத்தம் போட்டார். நான் அந்தம்மா கால்ல விழுந்தேன். "எங்கப்பா வந்திருக்கார் மேடம், வேல கெடைக்கும் மேடம், இந்த ஒரு ஆட்டம் மட்டும்." அவங்க கண்ணுலயும் தண்ணி. ஆனா விடல. "இன்னைக்கு ஒன்னால ஆட முடியும், அப்பறம் நடக்க முடியாதுப்பா"ன்னாங்க. பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. எங்கப்பா அங்கேர்ந்து கையால 'என்னாடா?'ன்னு கேக்குறார். நான் என்னன்னு சொல்ல?

நான் இல்லாம ஆட்டம் நடந்துச்சு. சூசை அன்னைக்கு ஆடின மாதிரி அவன் வாழ்க்கையில ஆடினதில்ல. வர்ற ரைடரையெல்லாம் கணுக்காலோட கவுத்தான். ஒவ்வொருத்தனையும் புடிச்சுப் போட்டுட்டு என் பக்கம் பாப்பான். நான் பாக்கல. கடைசியில ஒரு பாயிண்டுல தோத்தோம். சென்னைக்காரங்க எறங்கி வந்தாங்க. யாருக்குக் கை குடுத்தாங்கன்னு நெனைக்கிறீங்க? சூசைக்கு. வேல சூசைக்கு. எனக்கு வெச்சிருந்த வேல.

இப்ப சொல்லுங்க. எதுக்காக என்னையக் காட்டிக் குடுத்தான்னு இன்னும் வெளக்கணுமா? அவன் சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கு நான் ஆடிருப்பேன். வேல கெடச்சிருக்கும். அப்பறம் கம்பெனி ஆஸ்பத்திரியிலயே ஆபரேசன் பண்ணிருப்பாங்க. இன்னைக்கு இந்தக் கால் மடங்கும். அவன் பண்ணினதுதான் இதெல்லாம்.

சார் மட்டும் என்னையக் கைவிடல. எல்லாரும் ஒதுங்கினப்ப, ஒரு மாசங்கழிச்சு அவரே வந்து கூப்பிட்டார். நாமக்கல் பக்கம் ஒரு ஓப்பன் டோர்னமெண்டு, காலேஜ் பேரு கெடையாது, ஏதோ கிளப் பேரு. "உன் பேர மறுபடி தூக்கி நிறுத்துறேன் வாடா"ன்னார். டாக்டர் தொந்தரவு இல்லாத எடம். மாத்ருபூதத்தையே கூட்டிட்டு வந்திருந்தார். ரெண்டு ஊசியோ மூணோ, அங்கயே வண்டிக்குள்ள வெச்சுப் போட்டாரு. மொத ஆட்டம் ஜெயிச்சேன். ரெண்டாவது ஆட்டத்துல கால் அப்படியே கழண்டு போச்சு. அன்னைக்கே காய்ச்சல். முட்டி சூடு, தொட முடியல.

பெரியாஸ்பத்திரியில கீறிப் பாத்தா உள்ள பூரா சீழு. டாக்டர் சொன்னார், "சுத்தமில்லாத ஊசியால வந்ததுப்பா"ன்னு. அது எப்படி? மாத்ருபூதம் ஊசிய வெந்நீர்ல போட்டு எடுப்பாரு, நானே பாத்திருக்கேன். அந்த ஊரு மண்ணு சரியில்ல, அவ்வளவுதான். மூணு தடவ கீறினாங்க. உசுரு தப்பிச்சுது, முட்டி ஒட்டிக்கிச்சு.

நான் படுத்துக் கெடந்த அந்தக் காலத்துல யாரு வந்தாங்கன்னு கேப்பீங்க. சார் வரல. அவருக்கு அப்ப அடுத்த வருச டீமு எடுக்குற வேல, ஊரு ஊரா அலைவாரு. ஹாஸ்டல்ல என் கட்டில ஒரு புது ரைடருக்குக் குடுத்துட்டாங்க. பின்ன? ஆடுறவனுக்குத்தானே கட்டிலு? என் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்தது சூசை. சென்னையில வேலைக்குச் சேரச் சொல்லி ஆர்டர் வந்தும் சேராம இழுத்துக்கிட்டு, அங்கயே ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்துக் கெடந்தான். எங்கப்பாவால என்னையத் தூக்க முடியாது. அவன்தான் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு பாத்ரூமுக்குக் கொண்டு போவான். வேற ஆள் இல்ல, அதனால விட்டேன். மத்தபடி அவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. செவுத்தப் பாத்துப் படுத்துக்குவேன். குத்தம் பண்ணின மனசு, அதான் வந்து வந்து நின்னான். இல்லன்னா எதுக்கு வர்றான்?

அதுக்கப்பறம் அவன்ட்ட பேசினதில்ல. பதினாறு வருசம். என் கல்யாணத்துக்கு வந்தான், கூட்டத்துல நின்னு சாப்புட்டுட்டுப் போனான். என் வீட்டுக்காரிட்ட மட்டும் போன்ல பேசுவான் போல. கண்டுக்குறதில்ல.

போன வாரம் ஒரு போன். இப்ப அந்தக் காலேஜ்ல ஆடுற ஒரு ரைடரு, கவியரசன்னு பேரு, அவனுக்கும் முட்டியில ஏதோ ஆகி, அவன் அம்மா சார் மேல புகார் குடுத்துட்டாங்களாம். ஊசி போட்டு ஆட வெச்சார்னு. விசாரணைக்கு ஆள் போட்டிருக்காங்க. சார்கிட்ட வேல செய்யிற தம்பி ஒருத்தர்தான் பேசினார். "சார் பக்கம் பேச பழைய பிளேயர் யாராவது வேணும், வர்றீங்களா?" கேக்கணுமா? பதினாறு வருசத்துல மொத தடவையா சார்கிட்டேர்ந்து ஒரு அழைப்பு. ராத்திரி பூரா என்ன பேசணும்னு யோசிச்சு வெச்சேன். இந்தச் சட்ட புதுசு.

போயி எறங்கினா காலேஜ் வாசல்ல சூசை நிக்கிறான். அவன் கவியரசன் அம்மா பக்கம். வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து புகாருக்குச் சாட்சி சொல்றான், பாருங்க அவன் புத்திய. நான் நேரா சார்ட்ட போனேன். தலையெல்லாம் வெளுத்துப் போச்சு. ஆனா அதே கறுப்புக் கண்ணாடி. கும்பிட்டேன்.

"எந்த வருசத்து பேட்ச்சு?"ன்னார்.

டென்ஷன்ல இருந்தார் பாவம். பேரச் சொன்னேன், ஊரச் சொன்னேன். கால்தான் ஞாபகப்படுத்துச்சு போல, குனிஞ்சு பாத்துட்டு, "ஆங்... நல்லாப் பேசுடா"ன்னார்.

உள்ள மூணு பேரு உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு அம்மா, ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆனவங்களாம். ஒரு பக்கம் கவியரசன், அவன் அம்மாவோட. கால்ல பெரிய கட்டு. நான் நடந்து உள்ள வந்ததுலேர்ந்து அந்தப் பய என் காலையே பாத்துக்கிட்டிருந்தான். வேற எங்கயும் பாக்கல. எனக்கு அது ஒரு மாதிரியா இருந்துச்சு.

ஜட்ஜம்மா கேட்டாங்க, "உங்களுக்கு இவரப் பத்தி என்ன தெரியும்?"

"தெய்வம்மா"ன்னேன். "எனக்கு முட்டி போனப்ப ஒரு நாளும் தனியா விட்டதில்ல. ஒவ்வொரு தடவையும் அவரே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி ஊசி போட வெச்சு, கையப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு."

"ஒவ்வொரு தடவையும்னா?"

"ஏழெட்டு இருக்கும்மா. கணக்கு வெச்சுக்கல."

"எந்த டாக்டர்?"

"டாக்டர் எதுக்கும்மா? மாத்ருபூதம்னு கம்பவுண்டரு. ராசியான கை."

ஜட்ஜம்மா எழுதுறத நிறுத்திட்டு நிமிந்து பாத்தாங்க. நல்லாப் பேசுறோம்னு எனக்கு ஒரு தெம்பு. சார் அந்தப் பக்கத்துலேர்ந்து, "போதும்டா, உக்காரு"ன்னார். தன்னப் பத்திப் புகழ்ந்தா அவருக்குப் புடிக்காது. நான் விடல. "இருங்க சார், தெரியட்டும்"ன்னேன்.

"யூனிவர்சிட்டி டாக்டர் உங்கள ஆடக்கூடாதுன்னு சொன்னாங்கன்னு சூசைராஜ் சொல்றாரே?"

"சொன்னாங்கம்மா. அதுக்கு அப்பறமும் சார் என்னையக் கைவிடல. அதத்தான் சொல்ல வர்றேன். அவரே தேடி வந்து நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயி, வண்டிக்குள்ள வெச்சு ஊசி போட்டு ஆட வெச்சாரு. வேற யாரும்மா செய்வாங்க?"

கவியரசனோட அம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுவுறாங்க. நான் அந்தம்மாவப் பாத்துச் சொன்னேன், "உங்க பையனையும் சார் அப்படித்தான்மா பாத்துக்கிட்டிருப்பாரு, தப்பா நெனைக்காதீங்க"ன்னு.

அவ்வளவுதான் நான் பேசினது. ஒரு வார்த்த கூட்டல, ஒரு வார்த்த கொறைக்கல.

வெளிய வந்தப்ப கவியரசனோட அம்மா ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாங்க. "நல்லாருப்பீங்கண்ணே, எம்புள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்து உண்மையச் சொன்னீங்களே"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் சார் பக்கம்ல பேசினேன்? எனக்கு எதுக்கு நன்றி?

திரும்பினா சார், கார் கதவத் தொறந்துக்கிட்டு நிக்கிறார்.

"துரோகி"ன்னார். "அந்த சூசையாவது அன்னைக்குலேர்ந்து எதிர்ல நின்னான். நீ என் பக்கத்துல உக்காந்துக்கிட்டே என் கழுத்த அறுத்துட்டியேடா. சோறு போட்டேனேடா உனக்கு."

"சார், நான் என்ன தப்பா சொன்னேன்?"

கதவ அறஞ்சு சாத்திட்டுப் போயிட்டார். சாரை இனிமே கிரவுண்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்களாம். போலீசுக்கும் எழுதப் போறாங்களாம். சூசைதான் சொன்னான். அவன்தான் பைக்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டான். ஆட்டோ கெடைக்கல, அதனால ஏறினேன். எறங்கினப்ப, "இளஞ்சேரா, இன்னைக்கு நீ..."ன்னு ஆரம்பிச்சான். "வாய மூடு"ன்னேன். மூடிக்கிட்டான். தண்ணி பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாக் குடுத்தான். இந்தா இதுதான். நீங்க குடிக்கிறீங்களா?

நீங்களே சொல்லுங்க தம்பி. படிச்சவரு மாதிரி தெரியிறீங்க. நான் பேசினதுல எது தப்பு? ஊசி போட்டது உண்ம. கையப் புடிச்சது உண்ம. நாமக்கல் கூட்டிட்டுப் போனது உண்ம. இதுல எந்த எடத்துல சாரக் காட்டிக் குடுத்தேன்? ஒவ்வொண்ணா நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஒண்ணும் பிடிபடல. ஏன் தம்பி வெளிய பாக்குறீங்க? பரவால்ல, சொல்லுங்க.

சரி விடுங்க.

சார்ட்ட ஒரு வார்த்த வெளக்கிச் சொல்லிட்டா போதும். அவரு கோவக்காரரு, ஆனா மனசுல வெச்சுக்க மாட்டாரு. ஏறினதுலேர்ந்து அடிச்சுக்கிட்டே வர்றேன். ஒரு ரிங் போகுது, நின்னுடுது. என் போன்ல ஏதோ கோளாறு. உங்க போன்லேர்ந்து ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாக்கலாமா தம்பி? நம்பர் மனப்பாடமா இருக்கு, சொல்றேன், போடுங்க.

ரிங் போகுதா? முழுசாப் போகுதா? பாத்தீங்களா, என் போன்லதான் கோளாறு. எடுத்துட்டாரா? குடுங்க, குடுங்க.

சார்! சார், நான் இளஞ்சேரன் சார். இல்ல சார், வெக்காதீங்க, ஒரு நிமிசம். நான் உங்க பக்கம்தான் சார் பேசினேன். சத்தியமா உங்க பக்கம்தான். சார்? அலோ? அலோ?

இந்தாங்க தம்பி. இந்த எடத்துல எப்பவுமே டவர் கெடைக்காது. கொஞ்ச தூரம் போகட்டும்.